பச்சை அட்டைக் கூண்டுகள்

ஏப்ரல் 7

அம்மா என்னை நாடு கடத்திவிட்டாள். கோவில்பட்டியிலிருந்து கோயம்புத்தூருக்கு, ஒரு வழிப் பயணச்சீட்டில்.

குற்றம்: பள்ளி அறிவிப்புப் பலகையில் தலைமையாசிரியையின் கையெழுத்தோடு ‘நாளை விடுமுறை’ என்று ஒட்டியது. பாதிப் பள்ளி வரவில்லை. மீதிப் பாதிக்கு அறிவிப்புப் பலகை படிக்கும் பழக்கம் இல்லை. பதினொன்றாம் வகுப்புப் பரீட்சை முடிந்த பிறகு செய்தேன், அந்த நாகரிகத்தை யாரும் பாராட்டவில்லை.

“வடிவு, இவள ரெண்டு மாசம் நீ வச்சு மேய்ச்சிக்கோ. இங்கன இருந்தா தெரு தாங்காது” என்று அம்மா போனில் அக்காவிடம் சொன்னாள்.

அக்கா சண்முகவடிவு ஐந்து வருடமாகப் பிஎச்.டி. செய்கிறாள். பெயரில்தான் வடிவு, ஆள் கோடு. எனக்குக் குலசாமி பெயர், பேச்சியம்மாள். பெயரை வைத்துவிட்டுப் பிறகு “பேச்சைக் குறை” என்றால் எப்படி?

ஏப்ரல் 8

அக்காவின் ஆராய்ச்சி நிலையம் ஊருக்கு வெளியே இருக்கிறது. அதில் விலங்குகளுக்கென்று தனிக் கட்டடம். அக்கா வளர்ப்பது ஜெர்பில். கரண்ட் பில் மாதிரி இதுவும் ஒரு பில், மீசை மட்டும் கூடுதல். பாலைவனத்து எலி. வாலில் குஞ்சம், கண்ணில் எப்போதும் ஒரு ஆச்சரியம்.

மனிதர் வயிற்றில் குடியிருந்து புண்ணும் சில சமயம் புற்றும் உண்டாக்கும் ஒரு கிருமி இருக்கிறதாம். அது ஜெர்பில் வயிற்றிலும் அதே அட்டகாசத்தைச் செய்யுமாம். அதனால்தான் இவற்றைப் பிடித்துவைத்திருக்கிறார்கள்.

“அப்ப நீ படிக்கது வயித்தெரிச்சல். அது ஊர் பூரா இனாமா கெடைக்குமே, அதுக்கு எதுக்கு அஞ்சு வருசம்?”

“வாய மூடுட்டி.”

கூண்டுகளில் மூன்று நிற அட்டை. வெள்ளை என்றால் ஒன்றும் கொடுக்காதவை. மஞ்சள் என்றால் கிருமி மட்டும் கொடுத்தவை. பச்சை என்றால் முதலில் தடுப்பு மருந்து, பிறகு கிருமி. மருந்தைக் கண்டுபிடித்தது அக்காவின் கைடு, பேராசிரியர் ஞானமூர்த்தி. பச்சை அட்டைக்காரர்கள் நன்றாக இருந்தால் அடுத்து மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்ப்பார்கள், அக்காவும் டாக்டர் ஆவாள்.

ஜெர்பில்களுக்குத் தீனி போட்டுக் கூண்டு கழுவுகிறவர் மாரப்பன் அண்ணன். என் பெயரைக் கேட்டதும் சிரித்தார். “பேரு பேச்சிங்களா? அப்பொ இந்த எலிகளுக்கு ஒரு வாய் கெடச்சாச்சுங்.”

இந்த ஊரில் என் ஜோக்குக்கு முன்னால் ஜோக் அடித்த முதல் ஆள்.

ஏப்ரல் 12

மாரப்பன் அண்ணனின் மகளுக்கு நிச்சயதார்த்தம். மூன்று வார லீவில் ஊருக்குப் போய்விட்டார். பதிலாள் வரவில்லை. அக்கா ஒற்றை ஆளாய் எல்லாக் கூண்டையும் கழுவிக் கைத்தோலெல்லாம் உரிந்துவிட்டது. கடைசியில் என்னைக் கவுன், முகக்கவசம், கால் உறைக்குள் திணித்து உள்ளே கூட்டிப்போனாள். வெளியாள் உள்ளே வரக்கூடாது என்று கதவிலேயே எழுதியிருக்கிறது.

“யாருட்டயும் சொல்லிராத. தெரிஞ்சா என் சீட்டு கிழிஞ்சிரும்.”

மரத்தூளை மாற்றுவதும் புழுக்கையை அள்ளுவதும் என் பொறுப்பு. ஆய்வகம் என்ற சொல்லில் முதல் இரண்டெழுத்து மட்டும் எனக்கு, மீதி அக்காவுக்கு.

ஏப்ரல் 14

சித்திரை ஒன்று. நிலையத்தில் யாருமில்லை. அக்கா அடுத்த அறையில் எடை பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வெள்ளை அட்டைக் கூண்டின் முன்னால் குனிந்து “புத்தாண்டு வாழ்த்துகள்!” என்று பளீரென்று கை தட்டினேன்.

அதில் ஒன்று அப்படியே விறைத்துச் சாய்ந்தது. கால் உதறியது. கண் நிலைகுத்தியது. செத்த மாதிரி நடித்து என்னையே ஏமாற்றுகிறது என்று நினைத்துச் சிரித்தேன். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது.

அக்கா ஓடிவந்து பார்த்தாள். “வலிப்பு. ஜெர்பிலுக்குப் பயந்தா வரும். இனி கை தட்டுனா ஒன் கைய ஒடிப்பேன்.”

அது சற்று நேரத்தில் எழுந்து, ஒன்றும் நடக்காதது போல ஒரு சூரியகாந்தி விதையை உரித்துத் தின்றது. நான்தான் மதியம் பாயசம் குடிக்கவில்லை. பாயசத்தில் உப்பு. போட்டது நானேதான், அது வேறு கதை.

ஏப்ரல் 17

பச்சை அட்டைக் கூண்டு ஒன்றில் மூன்று ஜெர்பில்கள் முதுகைக் கூனிக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருக்கின்றன. மயிர் சிலிர்த்து நிற்கிறது. புழுக்கை தார் மாதிரி கறுப்பு. காலையில் வைத்த விதை சாயங்காலமும் அப்படியே இருந்தது.

அக்காவிடம் சொன்னேன். “வெயிலு” என்றாள். அறையில் ஏ.சி. ஓடிக்கொண்டிருந்தது.

ஏப்ரல் 19

கூனியவற்றில் ஒன்று செத்துப்போயிற்று.

ஏப்ரல் 21

மற்ற இரண்டும்.

அக்கா மூன்றையும் அறுத்துப் பார்த்தாள். என்னை வெளியே நிற்கச் சொன்னாள், நான் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். வயிறு சின்ன அவரைக்காய் அளவு. உள்ளே காப்பிப்பொடி கரைத்த மாதிரி கறுப்பு ரத்தம்.

வெளியே வந்ததும் கையுறையைக் கழற்றாமலே பெஞ்சில் உட்கார்ந்தாள்.

“கிருமி தின்னுட்டாக்கா?”

“கிருமி ஒண்ணுகூட இல்லட்டி. மருந்து வேலை செஞ்சிருக்கு.”

“பின்ன ஏன் செத்துச்சு?”

“கிருமி உள்ள வந்தா ஒடம்பு போலீஸ அனுப்பும். மருந்துங்கது கிருமியோட போட்டோவ முன்கூட்டியே ஸ்டேஷன்ல ஒட்டி வைக்க மாதிரி. இங்க லாரி லாரியா வந்து எறங்கிட்டாவ. தடியடி நடத்துனா கள்ளன் மட்டுமா அடிபடுவான்? கடை கண்ணியும் சேந்துதான ஒடையும். வயித்துச் செவுரே போச்சு.”

“மத்த பச்சை அட்டைக்கெல்லாம்?”

“பாக்கணும்” என்றாள். பார்க்கவே விரும்பாத குரல்.

ஏப்ரல் 23

பேராசிரியர் ஞானமூர்த்தி எங்கள் வீட்டுக்கே வந்தார். கையில் பிஸ்கட். குரலை உயர்த்தத் தெரியாத மனிதர். அக்கா சொன்ன எல்லாவற்றையும் தலையாட்டிக் கேட்டார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

“நீ உள்ள போயிருந்தியாம்மா? வாட்ச்மேன் சொன்னார்.”

அக்கா முகத்தில் ரத்தம் இல்லை.

“பயப்படாத. ஏதாவது விளையாடினியா? சத்தம் போட்டியா? சின்னப் பொண்ணுதானே.”

கை தட்டியதைச் சொன்னேன். ஆனால் அது வெள்ளை அட்டை, அது இன்னும் உயிரோடு இருக்கிறது, நேற்றுகூட என் கையுறையைக் கடித்தது என்றும் சொன்னேன். கை தட்டிய வரைக்கும்தான் அவர் காதில் விழுந்தது.

“ஜெர்பிலுக்கு வலிப்பு வரும்னு உலகத்துக்கே தெரியும். இது விபத்து. விபத்துல செத்தது ஆராய்ச்சிக் கணக்குல வராது, வடிவு. மத்தபடி, அனுமதி இல்லாம ஒரு குழந்தைய உள்ள விட்டத நானும் பெருசு பண்ண வேண்டியதில்ல. விலங்கு நலக் கமிட்டி முன்னாடி பாப்பா ஒரு வார்த்தை சொன்னா போதும்.”

டீயை முழுக்கக் குடித்துவிட்டு, நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஏப்ரல் 24

இன்று எதுவும் நடக்கவில்லை. தோசை மாவு புளித்துவிட்டது. யாரும் சுடவில்லை.

ஏப்ரல் 26

அக்கா என்னைச் சொல் என்றும் சொல்லவில்லை, சொல்லாதே என்றும் சொல்லவில்லை. எனக்குப் புதுச் சுடிதார் எடுத்துக் கொடுத்தாள். பிறந்தநாள் அக்டோபரில்தான்.

“எதுக்குக்கா?”

“கமிட்டிக்குப் போட்டுட்டுப் போ” என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டாள். வாளியில் துணி இல்லை.

மே 2

என் வாழ்நாளின் சிறந்த நடிப்பு. விலங்குகளை ஒழுங்காக நடத்துகிறார்களா என்று பார்க்கும் கமிட்டி அது. நீள மேசை, ஐந்து பேர், நடுவில் முந்திரி. வெளியிலிருந்து வந்த உறுப்பினர் ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை, சரோஜினி டீச்சர். மற்றவர்கள் விஞ்ஞானிகள்.

பச்சை அட்டைக் கூண்டு முன்னால் எப்படிக் கை தட்டினேன், எப்படித் தட்டைத் தட்டிக் கச்சேரி வைத்தேன், மூன்றும் எப்படி வரிசையாகச் சாய்ந்தன என்று நடித்தே காட்டினேன். ஒருவர் சிரிப்பை அடக்கமுடியாமல் தண்ணீர் குடித்தார். சரோஜினி டீச்சர் மட்டும், “பாவமா இல்லையா உனக்கு?” என்றார்.

“இருக்கு டீச்சர்” என்றேன். அந்த ஒரு வரிக்கு ஒத்திகை பார்க்கவில்லை.

மூன்று சாவும் கணக்கிலிருந்து போயின. அக்காவுக்கு எச்சரிக்கை, அவ்வளவுதான். திரும்பும் வழியில் எனக்கு ஐஸ்கிரீம் வாங்கிக் கொடுத்தாள். எனக்குப் பிடித்த வகைதான். பாதியில் கீழே விழுந்துவிட்டது, போட்டுவிட்டேன் என்றும் சொல்லலாம்.

மே 5

மாரப்பன் அண்ணன் திரும்பிவிட்டார். நான் நிலையத்து வாசலில் நின்று, “மாப்பிள்ளை எப்படி, கூண்டு கழுவுவாரா?” என்று கேட்டேன்.

அவர் சைக்கிளை நிறுத்தவில்லை. பிறகு நின்று திரும்பி வந்தார்.

“வெளையாட்டுக்கு ஒரு அளவு வேண்டாமுங்களா? குஞ்சுல இருந்து நான் வளத்ததுங்க. கை தட்டிக் கொன்னுபோட்டியே பாப்பா.”

உண்மையை வாய்வரை கொண்டுவந்தேன். அக்கா மாடி ஜன்னலில் நின்றுகொண்டிருந்தாள்.

“சாரிண்ணா” என்றேன்.

மே 12

மனிதர்களுக்குக் கொடுக்க அனுமதி வந்துவிட்டது. வயிற்றில் இந்தக் கிருமி இதுவரை இல்லாதவர்கள்தான் வேண்டும். ஒரு பைக்குள் மூச்சு ஊதச் சொல்லி அதைக் கண்டுபிடிப்பார்களாம். ஊரில் பாதிப் பேருக்கு மேல் கிருமி இருப்பதால் ஆள் கிடைப்பதே கஷ்டம். நிலையத்தில் முதலில் தேறியவர் மாரப்பன் அண்ணன்.

வராந்தாவில் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். “நம்ம வயிறு சுத்தமுங். பாத்துப்போட்டு டாக்டரே அசந்துட்டாருங்.”

அக்காவைக் கண்டதும், “அம்மிணி, நீங்க செஞ்ச மருந்துன்னா கண்ண மூடிட்டுக் குடிப்பேனுங்” என்றார்.

அக்கா சிரித்தாள். அந்தச் சிரிப்பை நான் கடையில் திருப்பிக் கொடுத்துவிடுவேன், அவ்வளவு பழுது.

மே 14

“அக்கா, அவரு குடிச்சா என்னாவும்?”

“குடிச்ச ஒடனே ஒண்ணும் ஆவாது. பெறவு என்னைக்காவது கிருமி உள்ள போனாத்தான்.”

“போவுமா?”

“தண்ணில போவும். எச்சில்ல போவும். வீட்டுல ஒருத்தருக்கு இருந்தா மத்தவுகளுக்கும் வரும்.”

“பின்ன போயிச் சொல்லு.”

“என்னன்னு சொல்ல? அஞ்சு வருசம் பேச்சி. எலிக்கு ஆனது மனுசனுக்கு ஆவும்னு என்ன நிச்சயம்?”

“ஆவாதுன்னா பெறவு எதுக்கு எலி வளக்கிய?”

அக்கா என்னை அடித்தாள். கன்னத்தில். முதல் தடவை. பிறகு அவளே ஐஸ் எடுத்து வந்து ஒத்தினாள். ஐஸ் மருந்து வைக்கிற டப்பாவில் இருந்தது, எனக்குச் சிரிப்பு வந்தது. அவளுக்கு வரவில்லை.

மே 16

சரோஜினி டீச்சர் வீட்டைத் தேடிப் போனேன். மோர் கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். கை தட்டியது வெள்ளை அட்டை, செத்தது பச்சை அட்டை, கமிட்டியில் நான் சொன்னது பொய்.

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “உங்க ஸ்கூல்ல நீ ஒட்டின நோட்டீஸ் கதைய ஞானமூர்த்தி சார் சொன்னாரும்மா. அன்னைக்குப் பாவமா இருக்குன்னு அழாத குறையா சொன்னியே, அது நடிப்பு. இன்னைக்கு இது? எதை நான் நம்பறது?”

“இதை டீச்சர்.”

“உங்க அக்கா வந்து சொல்லட்டும். உடனே நிறுத்தச் சொல்றேன்.”

டம்ளரைக் கழுவி வைத்துவிட்டு வந்தேன். கழுவ வேண்டாம் என்றார். கழுவினேன்.

மே 19

வியாழக்கிழமை, இருபத்திரண்டாம் தேதி முதல் மருந்து. மாரப்பன் அண்ணனிடம் நேராகவே போய், “குடிக்காதீங்கண்ணா” என்றேன்.

“இது என்ன புது வெளையாட்டுங்?” என்றார். ஆனால் சிரித்தார். என்னோடு பேசி இரண்டு வாரம் ஆகிறது. அந்தச் சந்தோஷத்தில் அடுத்து என்ன சொல்ல நினைத்தேன் என்பதே மறந்துவிட்டது. பிறகு யாரோ அவரைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

மே 21

மூன்று நாளாக அக்கா மீதமுள்ள பச்சை அட்டை ஜெர்பில்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தாள். இன்று சாயங்காலம் வந்து சுவரைப் பார்த்துச் சொன்னாள்.

“எல்லாத்துக்கும் இருக்குட்டி. கொறச்சலா, கூடுதலா, ஆனா எல்லாத்துக்கும்.”

“பின்ன?”

“காலைல மொத வேலையா சொல்லிருதேன். மாரப்பண்ணன்ட்ட, டீச்சர்ட்ட, எல்லார்ட்டயும். டிகிரி போனாப் போகுது.”

புளித்த மாவில் தோசை சுட்டோம். நான் ஆறு தின்றேன். அக்கா எண்ணிக் கிண்டல் செய்தாள். வெகுநாளுக்குப் பிறகு.

மே 22

நேற்றே குடித்துவிட்டார்.

இன்று அவர் வீட்டில் கல்யாணத்துக்கு முகூர்த்தக்கால் நடுகிறார்களாம். கால் நடுகிற அன்று மருந்து, ஊசி எதுவும் உடம்பில் ஏறக்கூடாது என்று அவர் சம்சாரம் சொல்லியிருக்கிறார். அதனால் ஒருநாள் முன்னாலேயே கொடுத்துவிடுங்கள் என்று இவரே போய்க் கேட்டிருக்கிறார். பேராசிரியருக்கு என்ன கசக்குமா? அக்கா உள்ளே ஜெர்பில் வயிற்றைப் பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், இரண்டு அறை தள்ளி அவர் குடித்திருக்கிறார். இனிப்பாக இருந்ததாம்.

கால் நட்டுவிட்டு, கையில் மஞ்சளோடு மதியம் வேலைக்கு வந்தார். கூண்டுகளுக்கு நடுவில் வைத்து அக்கா எல்லாவற்றையும் சொன்னாள். போலீஸ் கதை சொல்லவில்லை. நேராகச் சொன்னாள். நான் கை தட்டியதால் எதுவும் சாகவில்லை என்பதையும் சொன்னாள்.

அவர் என்னைத்தான் முதலில் பார்த்தார். “அன்னைக்குச் சொல்ல வந்தது இதுதானுங்களா பாப்பா?”

தலையாட்டினேன்.

“அப்பொ நான் என்னுங் பண்றது, அம்மிணி?”

“கிருமி உள்ள போவாத வரைக்கும் ஒண்ணும் ஆவாதுண்ணா. கொதிக்க வச்ச தண்ணிதான் குடிக்கணும். யாரு எச்சிலும் படக் கூடாது. ஒரே தட்டுல சாப்புடக் கூடாது.”

“வாந்தி எடுத்துப்போட்டா வெளிய வந்துருமுங்களா?”

“வராதுண்ணா.”

“எத்தன நாளைக்குங் இப்பிடி இருக்கோணும்?”

அக்கா கோணலாக இருந்த ஒரு பச்சை அட்டையை நேராக்கி வைத்தாள். அவர் வாளியை எடுத்துக்கொண்டு போய், எப்போதும் போல வெள்ளை அட்டைக் கூண்டிலிருந்து கழுவ ஆரம்பித்தார்.

மே 28

மருந்து கொடுப்பதை நிறுத்திவிட்டார்கள். சரோஜினி டீச்சர் சொன்னபடி செய்தார். குடித்தவர் மாரப்பன் அண்ணன் ஒருவர்தான். எல்லோரும் அக்காவிடம், ஒரே ஒருத்தரோடு நின்றதே பெரிய விஷயம் என்கிறார்கள். அந்த ஒரே ஒருத்தர் அப்போது பக்கத்தில் நின்று தரை துடைத்துக்கொண்டிருந்தார்.

பேராசிரியர் அக்காவுக்கு இனி வழிகாட்ட முடியாது என்று எழுதிக் கொடுத்துவிட்டார். கைடு இல்லை. அக்கா சாமான்களை அட்டைப்பெட்டியில் கட்டுகிறாள். என்னிடம் ஒரு ஜோக் இருந்தது. பெட்டியிலேயே போட்டுக் கட்டிவிட்டேன்.

ஜூன் 2

மாரப்பன் அண்ணன் கழுத்தில் வாட்டர் பாட்டில் மாட்டிக்கொண்டு வருகிறார், எல்.கே.ஜி. பையன் மாதிரி. கேன்டீன் டீயை விட்டுவிட்டார். வீட்டில் தனித் தட்டு, தனி டம்ளராம்.

“சம்சாரம் என்ன கேட்டுச்சு?” என்றாள் அக்கா.

“கல்யாணம் முடியற வரைக்கும் வெரதம்னு சொல்லி வெச்சிருக்கேனுங். அதுக்கப்பறம் வேற ஏதாச்சும் சொல்லிக்கலாமுங்.”

மகளுக்கும் தெரியாது. கல்யாண நேரத்தில் எதற்கு என்றார். பத்திரிகையை இரண்டு கையாலும் நீட்டினார். “ரெண்டு பேரும் வந்தரோணும்.”

ஜூன் 8

அந்தச் சுடிதாரைப் போட்டுக்கொண்டு போனேன். வேறு நல்லது இல்லை.

மணப்பெண் கௌசல்யாவுக்கு அப்பாவின் மூக்கு, அப்பாவின் சிரிப்பு. அண்ணன் பட்டு வேட்டியில் ஓடிக்கொண்டே இருந்தார். அத்தனை பேருக்கும் “சாப்பிடுங், சாப்பிடுங்” என்றார். அவர் சாப்பிட்டதை நான் பார்க்கவில்லை. வேட்டி மடிப்புக்குள் அந்தப் பாட்டில் துருத்திக்கொண்டிருந்தது.

தாலி கட்டி முடிந்து பந்தியில் பெண்ணையும் மாப்பிள்ளையையும் ஒரே இலையில் உட்காரவைத்தார்கள். இவள் அவனுக்கு ஊட்ட, அவன் இவளுக்கு ஊட்ட, சுற்றி ஒரே கூச்சல். நானும் அக்காவும் எதிர்ப் பந்தியில் உட்கார்ந்திருந்தோம். ஒரு பெரியம்மா கத்தினார்.

“பெத்த அப்பனுக்கு ஒரு வாய் குடுக்க மாட்டியா, கண்ணு?”

யாரோ அண்ணனைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். “வெரதமுங்” என்றார். “தாலி ஏறிப்போச்சு, இன்னும் என்னய்யா வெரதம்!” என்று நான்கு பேர் சிரித்தார்கள். கௌசல்யா அந்த இலையிலிருந்தே மைசூர்பாகில் ஒரு துண்டு கிள்ளினாள். மாப்பிள்ளை கடித்து வைத்த பக்கம். எழுந்து நின்று நீட்டினாள். கண் கலங்கியிருந்தது.

“அப்பா. ஆ காட்டுங்.”

அண்ணன் கூட்டத்துக்கு மேலாக அக்காவைப் பார்த்தார். நான் அக்காவின் முழங்கையைக் கிள்ளினேன். எழுந்திரு, ஏதாவது சொல், மயக்கம் போட்டு விழு, எதையாவது செய் என்று. அக்கா இலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் எழுந்தேன். வாயைத் திறந்தேன். எப்போதும் வந்து நிற்கும் ஒரு வார்த்தையும் வரவில்லை.

கௌசல்யாவின் கை கொஞ்சம் இறங்கியது. முகம் மாற ஆரம்பித்தது.

அண்ணன் அந்தக் கையைப் பிடித்து வாய்க்குக் கொண்டுபோய் வாங்கிக்கொண்டார். மென்றார். மகளின் தலையில் கை வைத்தார்.

“அய்யா, லைட்டு பத்தலீங்” என்றார் வீடியோக்காரர். “இன்னொருக்கா, கேமராவப் பாத்து.”

கௌசல்யா சிரித்துக்கொண்டே இன்னொரு துண்டு கிள்ளினாள். அண்ணன் கேமராவைப் பார்த்து மறுபடியும் வாயைத் திறந்தார்.